கல்யாண வீட்டுக்கு என் பேரனைக் கூட்டிப்போகும் முறை

எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்துப் பெரிய வீடுகளுக்கு ஒரு தெருவில் தலைவாசல் என்றால் அடுத்த தெருவில் பின்வாசல் இருக்கும். முகப்பில் நின்று வருகிறவர்களை வாங்க என்று கேட்டுக்கொண்டிருக்கும் ஆளுக்குப் பின்கட்டு வழியாக யார் வெளியே போகிறார்கள் என்று தெரியாது. 5 வருஷத்துக்கு முன்னால் ஒரு பங்காளி வீட்டு அறுபதாம் கல்யாணத்தில் என் மகள் வயிற்றுப் பேரன் அப்படித்தான் போய்விட்டான். ஆட்டிசம் உள்ள பிள்ளை, அப்போது அவனுக்கு 4 வயது. கெட்டிமேளம் கொட்டி முடித்து எல்லோரும் அட்சதை போட்டுக்கொண்டிருந்தபோதுதான் பிள்ளையைக் காணோம் என்று தெரிந்தது. கண்டுபிடித்தது ஊருணிப் படிக்கட்டில். தண்ணீருக்கு இரண்டு படி மேலே உட்கார்ந்து, வெயில் மினுங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு கையும் காதிலேயே இருந்தன.

இதில் எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம் ஒன்று உண்டு. அவன் எங்களிடம் சொல்லிவிட்டுத்தான் போனான். கால்மணி நேரமாக "போலாம் ரைட், போலாம் ரைட்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். தொண்டி பஸ் கண்டக்டரிடம் கேட்ட வார்த்தை அது. சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். "ஆச்சி, பேரன் கண்டக்டர் ஆகப்போறான்" என்றார் ஒருவர். நானும் சேர்ந்து சிரித்தேன். 31 வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள், எனக்குப் பிள்ளைகளைத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தவள்.

அதற்கப்புறம் மகள் மூன்று வருஷம் எந்த விசேஷத்துக்கும் வரவில்லை. இப்போது வருகிறாள். எப்படி வர முடிந்தது, என்னென்ன செய்தோம் என்பதைத்தான் எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் உதவும். பிள்ளைக்குப் பிள்ளை மாறும், அதனால் அப்படியே எடுத்துக்கொள்ளாமல் உங்கள் பிள்ளைக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் ஆட்டிசம் என்றால் என்ன என்று நாலு வரி. தமிழில் மதியிறுக்கம் என்று எழுதுகிறார்கள். டாக்டரிடம் போனால் ஆட்டிசம் என்றுதான் சொல்வார்கள். அது நோயல்ல. மூளை வளரும் விதத்திலேயே இருக்கும் வித்தியாசம், பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிடுவது. பரம்பரைக்கு அதில் பெரிய பங்கு உண்டு, ஆனால் இதுதான் காரணம் என்று ஒன்றை மட்டும் கைகாட்ட முடியாது. மற்றவர்களோடு பழகுவதிலும் பேச்சைப் பரிமாறிக்கொள்வதிலும் சிரமம் இருக்கும், செய்ததையே திரும்பத் திரும்பச் செய்வார்கள், ஒரே ஒழுங்கைப் பிடித்துக்கொள்வார்கள். சத்தம், வெளிச்சம், வாசனை, தொடுதல் இவையெல்லாம் நமக்குத் தெரிவதைவிடக் கூடவோ குறையவோ தெரியும். அமெரிக்காவில் லியோ கானர் என்ற டாக்டர் 1943-இல் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்துதான் இது பரவலாகப் பேசப்பட்டது. ஆனால் புலன் சார்ந்த இந்தச் சிரமம் டாக்டர்கள் பார்க்கும் அமெரிக்கக் கையேட்டில் ஓர் அடையாளமாக இடம்பெற்றது 2013-இல்தான். அத்தனை வருஷமும் காதைப் பொத்திய பிள்ளைகளை அடம்பிடிக்கிறது என்று அடித்திருப்பார்கள்.

ஒரு வயதில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, ஒன்றரை வயதிலும் எதையும் விரலால் சுட்டிக் காட்டாதது, வந்த வார்த்தைகள் நின்றுபோவது, இவற்றைப் பார்த்தால் காத்திருக்காமல் காட்டுங்கள். எங்களிடம் ஒரு டாக்டர் "ஆம்பளப் பிள்ளை, மெதுவாத்தான் பேசும்" என்று சொல்லி ஒரு வருஷத்தை வீணடித்தார். நாங்களும் அதைத்தான் கேட்க விரும்பினோம், அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கணக்குப்படி ஏறக்குறைய 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம். அப்படியென்றால் ஆயிரம் இலை விழும் ஒரு கல்யாணத்தில் ஏழெட்டுப் பேர் இருக்க வேண்டும். எங்கள் ஊரில் எத்தனையோ கல்யாணம் பார்த்திருக்கிறேன், ஒருவரையும் பார்த்த ஞாபகம் இல்லை. அவர்களெல்லாம் வீட்டில் இருந்தார்கள். அவர்களோடு அவர்கள் ஆத்தாவும் இருந்திருப்பார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

வீட்டை முதலில் பாருங்கள்

பிள்ளையைப் பழக்குவதற்கு முன்னால் விசேஷ வீட்டைப் பாருங்கள். செட்டிநாட்டு வீடு பார்க்க அழகு, காதுக்குக் கொடுமை. உயரமான கூரை, கண்ணாடி போல் வழுவழுப்பான சுண்ணாம்புச் சுவர், தரை முழுக்கப் பூப்போட்ட ஆத்தங்குடிக் கல். சத்தத்தை உறிஞ்ச ஒரு துணி கிடையாது. வளவில், அதாவது வீட்டின் நடுமுற்றத்தில், ஒரு தட்டு விழுந்தால் முகப்பு வரை கேட்கும். அங்கே நாதஸ்வரமும் தவிலும் மைக்கும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நமக்கே பக்கத்து ஆள் பேசுவது கேட்காது.

ஆனால் அதே வீட்டில் ஒதுங்க இடமும் உண்டு. வளவைச் சுற்றி இருக்கும் அறைகளுக்குச் சுவர் கனம், கதவும் தேக்கில் கனமாக இருக்கும். விசேஷ வீட்டுக்காரர்களிடம் முன்கூட்டியே கேட்டு வீட்டின் இரண்டாவது கட்டுக்குள் ஓர் அறையை வாங்கிக்கொள்ளுங்கள். மணமேடையிலிருந்து எவ்வளவு தூரமோ அவ்வளவு நல்லது. அந்த அறையில் சாமான் போட விடாதீர்கள். சீர்ப் பாத்திரத்தை அடுக்க இடம் தேடி யாராவது வந்துகொண்டே இருப்பார்கள், சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். கீழே ஒரு கனத்த ஜமுக்காளம் விரித்து, ஜன்னலுக்கு ஒரு வேட்டியைக் கட்டிவிட்டால் பாதிச் சத்தமும் பாதி வெளிச்சமும் குறையும்.

பின்வாசலுக்குப் பூட்டு. இதில் மட்டும் தயவு தாட்சண்யம் பார்க்காதீர்கள். சமையல் ஆட்கள் போய் வர வேண்டும் என்பார்கள், அப்படியென்றால் அங்கே ஓர் ஆளைப் போடச் சொல்லுங்கள், சம்பளத்தை நீங்கள் கொடுங்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் இருந்த இடத்தைவிட்டுப் போய்விடுவது சாதாரணம், அதில் பல பிள்ளைகளுக்குத் தண்ணீர் என்றால் தனி ஈர்ப்பு. ஊருக்கு ஊர் ஊருணி உள்ள பக்கம் நம்முடையது. சட்டையின் உள்பக்கம் போன் நம்பரைத் துணி மார்க்கரால் எழுதிவிடுங்கள். முடிந்தால் நீச்சலும் பழக்குங்கள். பேரன் 7 வயதில் கற்றுக்கொண்டான்.

ஒரு மாதம் முன்பிருந்தே

என் பேரனுக்குத் திடீர் என்பதுதான் எதிரி. என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். அதனால் நாங்கள் ஒரு படச் சரம் செய்வோம். விசேஷ வீட்டுக்கு முதலிலேயே போய் போனில் படம் எடுத்து வருவேன். தலைவாசல், திண்ணை, வளவு, நமக்கு ஒதுக்கிய அறை, கழிவறை, இலை போட்ட பந்தி, கடைசியில் எங்கள் கார். ஏழெட்டுப் படம் போதும். ஸ்டுடியோவில் அச்சுப்போட்டு லேமினேட் செய்து, மூலையில் ஓட்டை போட்டு நூலில் கோத்துவிடுவோம். தினமும் சாயங்காலம் அதைப் புரட்டிக் கதை சொல்வது என் வேலை. விசேஷத்தன்று ஒவ்வொன்று முடிந்ததும் அவனே அந்தப் படத்தைப் பின்னால் தள்ளிவிடுவான். கார் படம் கடைசியில் இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியும். அது தெரிவதால்தான் மற்றப் படங்களைப் பொறுத்துக்கொள்கிறான்.

கழிவறைப் படத்தை மறக்காதீர்கள். முதல் தடவை நான் மறந்தேன். பழைய வீடுகளில் அது பின்கட்டைத் தாண்டி இருக்கும், குந்தும் வகையாக இருக்கும், வெளிச்சமும் குறைவு. வீட்டில் உட்காரும் வகையில் பழகிய பிள்ளை அங்கே போகவே மாட்டேன் என்று அடக்கிக்கொண்டு, அப்புறம் நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை.

நாதஸ்வரத்தையும் இப்படித்தான் பழக்கினோம். போனில் மங்கள இசையை மிக மெதுவாக வைத்து, சத்தம் கூட்டும் பட்டனை அவன் கையிலேயே கொடுத்தோம். அவன்தான் கூட்டுவான், அவன்தான் குறைப்பான். நாங்கள் தொடமாட்டோம். ஐந்தாறு வாரத்தில் ஓரளவு பழகினான். கெட்டிமேளம் மட்டும் இன்றைக்கும் ஆகாது. அதற்கு மில்லிலும் பட்டறையிலும் வேலை செய்கிறவர்கள் மாட்டும் காதடைப்பை வாங்கினோம். அதை விசேஷத்தன்று புதிதாக எடுத்து மாட்டினால் தூக்கி எறிவார்கள். வீட்டில் 2 நிமிஷம், 5 நிமிஷம் என்று பழக்க வேண்டும்.

உடுப்புக்குச் சுருக்கமாக: ஜரிகை வேண்டாம், கழுத்துப் பட்டியில் உள்ள லேபிளை வெட்டிவிடுங்கள், புதுச்சட்டையை நாலு தடவை துவைத்துப் போடுங்கள். பட்டு வேட்டியில் போட்டோ எடுக்க ஆசையாகத்தான் இருக்கும். எனக்கும் இருந்தது.

உறவுக்காரர்களிடம் சொல்வது

இதுதான் கஷ்டமான பகுதி, ஏனென்றால் மறைப்பதில் நாம் கெட்டிக்காரர்கள். பேரனுக்கு இப்படி என்று வெளியே தெரிந்தால் மூத்தவள், என் பேத்தி, அவளுக்கு நாளைக்கு வரன் பார்ப்பதில் பேச்சு வரும் என்று என் சம்பந்தி பயந்தார்கள். நானும் பயந்தேன், பொய் சொல்ல மாட்டேன். மாப்பிள்ளை இதைப் பற்றி வாயே திறக்க மாட்டார், ஆபீஸ் வேலை என்று சொல்லி விசேஷங்களைத் தவிர்த்தார். மகளுக்குத் தூக்கமே கிடையாது, ஏனென்றால் பிள்ளைக்கும் தூக்கம் சரியாக வராது. ஆட்டிசத்தில் அதுவும் அடிக்கடி வரும் தொந்தரவு. தெரப்பிக்காக மதுரைக்குப் போய்வர ஒரு நாள் போய்விடும், வேலையை விட்டாள். இத்தனைக்கும் மேலே என்னைப் போன்ற ஆள் ஒருத்தி உட்கார்ந்துகொண்டு "நீ சின்னதிலேயே போனைக் கையில் கொடுத்துட்டே" என்று சொன்னால் எப்படி இருக்கும்? சொன்னேன். ஒரு தடவை இல்லை.

தாய் பாசம் காட்டாததால்தான் ஆட்டிசம் வருகிறது என்று மேல்நாட்டுப் பெரிய டாக்டர்களே ஒரு காலத்தில் சொல்லி, அது தப்பு என்று பிறகு தூக்கிப் போடப்பட்டது. தடுப்பூசியால் வருகிறது என்று 1998-இல் இங்கிலாந்தில் வந்த கட்டுரையையும் அதை வெளியிட்ட பத்திரிகையே 2010-இல் திரும்பப் பெற்றுவிட்டது. இதையெல்லாம் படித்த பிறகுதான் மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் "சரி விடுங்காத்தா" என்றாள். விடவில்லை என்று எனக்குத் தெரியும்.

இப்போது விசேஷத்துக்கு ஒரு வாரம் முன்னால் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நானே குரல்பதிவு போட்டுவிடுவேன். மகளைப் போட விடமாட்டேன். வயதானவள் சொன்னால் யாரும் எதிர்க்கேள்வி கேட்க மாட்டார்கள், நம் பக்கத்தில் அந்த ஒரு சௌகரியம் உண்டு. கிட்டத்தட்ட இப்படிச் சொல்வேன்:

"எல்லாருக்கும் வணக்கம். பேரனும் வர்றான். அவனுக்கு ஆட்டிசம்னு உங்களுக்குத் தெரியும். கன்னத்தைக் கிள்ள வேணாம், தூக்க வேணாம், பன்னீர் தெளிக்க வேணாம். கும்பிட்டுக்கச் சொல்லி வற்புறுத்த வேணாம், விபூதிய எங்கிட்டக் குடுங்க, நான் பூசிக்கிறேன். உங்க முகத்தப் பார்க்கலைன்னா மரியாதை இல்லைன்னு நினைக்காதீங்க. பேசணும்னா பஸ்ஸப் பத்திப் பேசுங்க. அவன் ரைட் ரைட்னு சொன்னா, எனக்குத் தாங்கலை, வெளிய கூட்டிட்டுப் போங்கன்னு அர்த்தம். வழி விட்டாப் போதும்."

கடைசி வரிதான் முக்கியம். ஒவ்வொரு பிள்ளைக்கும் இப்படி ஒரு 'ரைட்' இருக்கும். கேட்ட வார்த்தையைத் திருப்பிச் சொல்வதை வெறும் கிளிப்பேச்சு என்று நினைத்துவிடக் கூடாது, பல நேரம் அதற்குள் ஒரு சேதி இருக்கும். பேச்சே வராத பிள்ளை என்றால் சட்டையைப் பிடித்து இழுப்பது, ஒரே இடத்தில் சுற்றுவது என்று ஏதாவது இருக்கும். வீட்டில் உள்ளவர்கள் உட்கார்ந்து அதைக் கண்டுபிடித்து, எல்லோருக்கும் சொல்லிவைக்க வேண்டும்.

குணமாக்கிவிடலாம் என்று வழி சொல்ல வருகிறவர்களும் இருப்பார்கள். வேண்டுதல் என்றால் சரி என்று கேட்டுக்கொள்ளுங்கள், பிள்ளையார்பட்டிக்குப் போய்வருவதில் யாருக்கும் நஷ்டம் இல்லை. ஆனால் ஸ்டெம்செல் ஊசி, உடம்பிலிருந்து உலோகத்தை எடுக்கிறோம் என்று லட்சக்கணக்கில் கேட்பவர்கள் பக்கம் போகாதீர்கள். ஸ்டெம்செல்லை ஆட்டிசத்துக்குச் சிகிச்சையாகப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையத் தரப்பிலிருந்து 2022-இலேயே சொல்லிவிட்டார்கள். பலன் தருவது பேச்சுப் பயிற்சி, அன்றாட வேலைகளுக்கான பயிற்சி, சிறப்புக் கல்வி. மெதுவாகத்தான் தரும்.

அன்றைக்கு

முதல் நாள் சாயங்காலம் கூட்டம் சேர்வதற்குள் ஒரு தடவை கூட்டிப் போய்விடுங்கள். பேரன் அப்போது வளவில் ஆத்தங்குடிக் கல்லின் கரையைப் பிடித்தே நாலு பக்கமும் நடப்பான். பூப்போட்ட கல்லை மிதிக்க மாட்டான். ஒவ்வொரு மூலையிலும் நின்று கையை உதறுவான். நான் முன்பெல்லாம் கையைப் பிடித்து நிறுத்துவேன். அப்படி உதறுவது அவன் தன்னைத்தானே அமைதிப்படுத்திக்கொள்ளும் வழி என்று தெரப்பிஸ்ட் சொன்னபிறகு விட்டுவிட்டேன். மூன்று சுற்று முடித்தால் அந்த வீடு அவன் கணக்கில் தெரிந்த வீடு.

மறுநாள் மொத்தம் முக்கால்மணி நேரம்தான். முகூர்த்தத்துக்கு ஒரு மணி முன்னால் போய், கெட்டிமேளத்துக்கு முன்னால் கிளம்பிவிட வேண்டும். முழுசாக இருந்து எல்லோர் மனசையும் நிறைக்க வேண்டும் என்று நினைத்தால் எதுவும் நடக்காது. பிள்ளையைப் பார்க்க அரைமணிக்கு ஓர் ஆள் என்று பெயர் போட்டுக்கொள்ளுங்கள். எல்லோரும் பார்த்துக்கொள்கிறார்கள் என்றால் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். ஊருணி விவகாரத்தில் அன்றைக்கு 9 பேர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்தப் பட்டியலில் பேத்தி பெயரைச் சேர்க்காதீர்கள். அவளுக்கு 12 வயது. எந்த விசேஷத்திலும் "தம்பியைப் பார்த்துக்க" என்ற வார்த்தையைக் கேட்டே வளர்ந்தாள். ஒருநாள் "ஆயா, நான் ஒரே ஒரு கல்யாணத்துக்குத் தனியா வரலாமா?" என்று கேட்டாள். அதன்பிறகு வருஷத்துக்கு இரண்டு விசேஷம் அவளும் நானும் மட்டும். கடைசிப் பந்தி வரை இருப்போம்.

சாப்பாட்டுக்குச் சமையல்காரரைப் பிடியுங்கள். ஓர் இலையில் பத்து வகை, ஒன்றோடொன்று ஒட்டி, குழம்பு ஓடி வந்து அப்பளத்தை நனைப்பது பேரனால் பார்க்க முடியாத காட்சி. அவன் சாப்பிடுவது இடியாப்பமும் வெள்ளைப் பணியாரமும்தான், துவையல் தொடாமல். முதல் பந்திக்கு முன்னால் பின்கட்டில் ஒரு தட்டில் கொடுத்துவிடச் சொன்னால் எந்தச் சமையல்காரரும் முகம் சுளித்ததில்லை. நிச்சயம் இல்லை என்றால் வீட்டிலிருந்தே டப்பாவில் கொண்டுபோங்கள், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

எல்லாம் செய்தும் வெடித்துவிட்டால்? அடத்துக்கும் இதற்கும் வித்தியாசம் தெரிய வேண்டும். அடம்பிடிக்கிற பிள்ளை நாம் பார்க்கிறோமா என்று ஓரக்கண்ணால் பார்க்கும், கேட்டது கிடைத்தால் நிறுத்திவிடும். இது அப்படியில்லை, எதைக் கொடுத்தாலும் நிற்காது, அது அவன் கையிலும் இல்லை. பேசாதீர்கள். "ஒண்ணுமில்ல ஒண்ணுமில்ல" என்று பத்துப்பேர் சொல்வதும் சத்தம்தான். அறைக்குக் கொண்டுபோய், கதவைச் சாத்தி, இடிபடும் சாமான்களை அகற்றிவிட்டு, ஓர் ஆள் மட்டும் தரையில் சற்றுத் தள்ளி உட்காருங்கள். தலையை முட்டிக்கொண்டால் தலையணையை இடையில் வையுங்கள், இறுக்கிப் பிடிக்காதீர்கள். எங்களுக்கு 20 நிமிஷம் ஆகும். முடிந்ததும் தண்ணீர், பிறகு தூக்கம். அப்போது எவனாவது போனைத் தூக்கினால் வாங்கிவைத்துவிடுங்கள், நான் வாங்கியிருக்கிறேன்.

விசேஷத்தோடு சம்பந்தமில்லாத ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பங்காளிகள் கூடும் இடத்தில்தான் வீட்டுப் பங்குப் பேச்சு வரும். 2016-ஆம் வருஷ மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசம் உண்டு. அரசு மருத்துவமனையில் 40 கேள்வி கொண்ட ஓர் அளவுகோலை வைத்துப் பார்ப்பார்கள், 70-ஓ அதற்கு மேலோ வந்தால் ஆட்டிசம் என்று கணக்கு. பேரனுக்கு 112. அந்தச் சான்றிதழும் தனித்துவ அடையாள அட்டையும் இருந்தால் நிராமயா என்ற அரசுக் காப்பீட்டில் வருஷத்துக்கு 1 லட்சம் வரை மருத்துவச் செலவு கிடைக்கும். 18 வயது நிறைந்தபின் பெற்றோரே ஆனாலும் தானாகச் சட்டப்படிக் காப்பாளர் ஆகிவிட முடியாது. 1999-ஆம் வருஷத் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையில் உள்ள குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். அவன் அப்பச்சி, அதாவது அப்பா, வழி வீட்டில் அவனுக்கு உள்ள பங்கில் அவனுக்குப் பதிலாக யார் கையெழுத்துப் போடுவது என்பதை இப்போதே எழுதி வைக்கச் சொல்லிச் சம்பந்தியை நச்சரித்துக்கொண்டிருக்கிறேன்.

போன தை மாதம் ஒரு கல்யாணம். பேரனுக்கு 9 வயது. படச் சரத்தில் ஐந்தாவது படம் தள்ளியிருந்தோம், மணி 9.50. தவில்காரர் வாரை இழுத்துச் சரிசெய்து இரண்டு தட்டுத் தட்டினார். பேரன் காதடைப்பை அழுத்திப் பிடித்துக்கொண்டு "ரைட், ரைட்" என்றான். மகள் எழுவதற்குள், பக்கத்தில் வெற்றிலைத் தட்டோடு நின்ற பெரியவர் ஒருவர், அன்றைக்கு அவனைக் கண்டக்டர் என்று சொல்லிச் சிரித்த அதே பெரியவர், தட்டைக் கீழே வைத்துவிட்டு முன்னால் நடந்தார். "வண்டி கிளம்புது, வழி விடுங்கப்பா" என்று கையை விரித்துக்கொண்டே தலைவாசல் வரை போனார். பேரன் அவர் முதுகையே பார்த்துக்கொண்டு, கல்லின் கரையைப் பிடித்தே பின்னால் போனான். மாப்பிள்ளை காரை எடுத்து வைத்திருந்தார்.

தாலி கட்டும் திருப்பூட்டை நாங்கள் சாயங்காலம் வீடியோவில் பார்த்துக்கொண்டோம். சத்தம் வைக்கும் பட்டன் அவன் கையில் இருந்தது.